அளவு தெரிந்த ஊர்

கப்பல் பிரயாணத்தில் ஒரு சங்கடம் உண்டு. ரெயிலிலோ காரிலோ போகிறவர்கள், மனத்துக்குப் பிடித்த ஊரில் கூடுதலாக இரண்டு நாள் தங்கிக்கொள்ளலாம். கப்பல் அப்படி விடாது. காலை எட்டு மணிக்கு இறக்கிவிடும். மாலை ஐந்தரை மணிக்குள் திரும்பி வந்தாக வேண்டும். அந்த ஒன்பதரை மணி நேரத்துக்குள் ஆயிரம் வருஷத்துச் சரித்திரத்தைப் பார்த்து, பேத்திக்கு ஒரு பொம்மை வாங்கி, நாத்தனாருக்குப் படம் பிடித்து அனுப்பி, வலிக்கிற காலை நீட்டிக்கொள்ள ஒரு பெஞ்சும் தேடிக்கொள்ள வேண்டும். ஆகையால், இறங்குவதற்கு முன்பே 'இந்த ஊரில் எதைப் பார்க்காவிட்டால் குறை?' என்று ஒரு கணக்குப் போட்டுக்கொள்வது நல்லது.

கிரேக்க தேசத்தில் பிரேயஸ் துறைமுகத்தில் புறப்பட்ட எங்கள் பிரயாணத்தில், சென்ற வாரம் சொன்ன கோட்டோருக்கு அடுத்த ஊர் டுப்ரோவ்னிக். (கோட்டோர் என்றதும் நாகர்கோவில் கோட்டாறு என்று நினைத்துவிட வேண்டாம். அது மாண்டிநீக்ரோ தேசத்து ஊர்!) டுப்ரோவ்னிக் இருப்பது குரோஷியாவின் தென்கோடியில், அட்ரியாட்டிக் கடற்கரையில். முதுகுப் பக்கம் சாம்பல் நிற மலை. முன் பக்கம் நீலக் கடல். நடுவே பாறைமேல் ஒரு கல் கோட்டை. கோட்டைக்குள்ளே ஒன்றையொன்று இடித்துக்கொண்டு நிற்கும் ஓட்டு வீடுகள். நவராத்திரிக் கொலுவில் பூங்காவுக்குப் பக்கத்தில் அட்டையால் ஒரு ஊர் செய்து வைப்போமே, அதைக் கொண்டுபோய்க் கடலோரத்தில் வைத்தது போல் இருக்கிறது.

இந்தச் சின்ன ஊர் ஒரு காலத்தில் தனி நாடு. ரகூசா என்பது அப்போதைய பெயர். 1358 முதல் 1808 வரை, நானூற்றைம்பது வருஷம், ராஜா இல்லாத குடியரசாகத் தன்னைத் தானே ஆண்டுகொண்டது. கடலில் வெனிஸ்காரர்கள், மலைக்கு அப்பால் துருக்கி சுல்தான். இரண்டு யானைகளுக்கு நடுவே ஒரு முயல் குடித்தனம் செய்த கதைதான். எப்படிப் பிழைத்தது என்று கேட்டால், கோட்டைச் சுவரைக் காட்டுவார்கள். சுவர் பெரிதுதான். ஆனால் ஊரை ஒரு சுற்றுச் சுற்றி வந்தபின் எனக்குத் தோன்றியது வேறு. எதற்கும் ஒரு அளவு வைத்து, அந்த அளவை விடாமல் காத்ததுதான் இந்த ஊரின் உண்மையான கோட்டை.

"இத்தனை பேரும் இறங்கினால்..."

பெரிய கப்பல்கள் நிற்பது க்ரூஷ் என்ற துறைமுகத்தில். அங்கிருந்து பழைய ஊருக்குச் சுமார் மூன்று கிலோமீட்டர். பஸ்ஸுக்கு நின்ற வரிசையைப் பார்த்துவிட்டு, எங்கள் கோஷ்டியில் இருந்த மாம்பலம் மாமி கேட்டார்: "ஏம்மா, நம்ம கப்பல்லேயே ரெண்டாயிரம் பேர் இருக்கோம். அத்தனை பேரும் ஒரே நேரத்திலே போய் இறங்கினா அந்த ஊர் தாங்குமா?"

மாமி கேட்ட கேள்வியைத்தான் அந்த ஊர்க்காரர்களும் பல வருஷமாகக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். கோட்டைக்குள் இருக்கும் பெரிய வீதியின் நீளமே சுமார் முந்நூறு மீட்டர்தான். கோடைகாலத்தில் ஒரே காலையில் பல கப்பல்கள் வந்து நின்றால், அந்த வீதியில் நடக்க முடியாது, நகரத்தான் முடியும். தெப்பத் திருவிழாவுக்கு வந்த கூட்டம் தினந்தோறும் வந்தால் குளக்கரையில் குடியிருப்பவர்கள் என்ன செய்வார்கள்?

கடைசியில் நகரசபை ஒரு முடிவுக்கு வந்தது. கப்பல் கம்பெனிகளின் சங்கத்தோடு பேசி, 2019-ஆம் வருஷம் ஓர் ஒப்பந்தம் செய்துகொண்டார்கள். ஒரே சமயத்தில் இரண்டு கப்பலுக்கு மேல் கூடாது. பிரயாணிகள் நாலாயிரத்துக்கு மேல் கூடாது. கோட்டை வாசல்களில் காமிரா வைத்து, உள்ளே போகிறவர்கள் எத்தனை, வெளியே வருகிறவர்கள் எத்தனை என்று எண்ணுகிறார்கள்.

"நம்மை எண்ணித்தான் உள்ளே விடறாளா?" என்று மாமி முகத்தைச் சுளித்தார். எண்ணினால் என்ன? இந்த ஊர் அறுநூறு வருஷத்துக்கு மேலாக எண்ணிக்கொண்டும் அளந்துகொண்டும்தான் இருக்கிறது. அந்தக் கதையைப் பார்த்துக்கொண்டே போவோம்.

வாசலில் தண்ணீர்

மேற்கு வாசலுக்குப் பிலே வாசல் என்று பெயர். மேலே மாடத்தில் ஊரின் காவல் தெய்வமாகிய புனித விளாஹோ நிற்கிறார். கையில் என்ன வைத்திருக்கிறார் தெரியுமா? ஊரையே சின்னதாகச் செய்து, குழந்தையை ஏந்துவது போல் ஏந்திக்கொண்டிருக்கிறார். தொண்டை நோய் வராமல் காப்பவர் என்று அவருக்குப் பெயர். பிப்ரவரி 3-ந் தேதி அவருடைய திருநாள். அன்று இரண்டு மெழுகுவர்த்திகளைக் குறுக்காகப் பிடித்துக் கழுத்தருகே வைத்து ஆசீர்வாதம் செய்வார்கள்.

குடியரசு இருந்த காலத்தில், இரவானதும் இந்த வாசலின் தூக்குப் பாலத்தை மேலே இழுத்துக் கதவைப் பூட்டிவிடுவார்கள். சாவி நேரே நாட்டுத் தலைவரிடம் போய்ச் சேரும். நம் வீட்டில் பாட்டி படுக்கப் போகுமுன் சாவிக்கொத்தை வாங்கி இடுப்பில் செருகிக்கொள்வது போல!

வாசலைத் தாண்டியதும் முதலில் கண்ணில் படுவது ஒரு பெரிய வட்ட நீரூற்று. ஒனோஃப்ரியோ என்ற இத்தாலியச் சிற்பி 1438-இல் முடித்துக் கொடுத்தது. அதுவரை இந்தப் பாறை ஊரில் மழைத் தண்ணீரைத் தொட்டியில் சேர்த்து வைத்துத்தான் காலம் தள்ளினார்கள். பன்னிரண்டு கிலோமீட்டருக்கு அப்பால் மலைச் சரிவில் இருந்த சுனையைக் கண்டுபிடித்து, பம்பு இல்லை, இயந்திரம் இல்லை, வாய்க்காலின் சரிவை மட்டும் அளந்து அளந்து அமைத்துத் தண்ணீரை ஊருக்குள் கொண்டு வந்துவிட்டார் அந்த மனிதர். பதினாறு கல் முகங்களின் வாயிலிருந்து தண்ணீர் விழுகிறது. இன்றும் குடிக்கலாம். வாசலில் விருந்தாளிக்குச் செம்பில் தண்ணீர் வைக்கிற நமக்கு இதைப் பார்த்ததும் ஒரு சந்தோஷம். மாமி தம் புட்டியை நிரப்பிக்கொண்டு, ஒரு வாய் குடித்துப் பார்த்து, "பேஷ்! சில்லுன்னு இருக்கு" என்று சர்ட்டிபிகேட் கொடுத்துவிட்டார்.

நீரூற்றுக்கு எதிரே பிரான்ஸிஸ்கன் துறவிகளின் மடம். அதற்குள் ஒரு மருந்துக் கடை. 1317-இல் தொடங்கியது. ஐரோப்பாவிலேயே மிகப் பழமையான மருந்துக் கடைகளில் ஒன்று. பழைய கல்வங்கள், ஜாடிகள், குன்றிமணி அளவு மருந்தையும் நிறுக்கும் சின்னத் தராசுகள் எல்லாம் கண்காட்சியாக இருக்கின்றன. பக்கத்தில், பழைய முறைப்படி செய்த ரோஜா களிம்பும் கிடைக்கிறது.

இதே இடத்துக்கு அருகில் இருந்த கன்னிகா மடத்தில்தான், 1432-இல், தாய் தகப்பன் இல்லாத சிசுக்களுக்காக ஒரு விடுதி திறந்தார்கள். வளர்க்க வழியில்லாத குழந்தைகள் தெருவில் அழுதுகொண்டு கிடப்பது ஊருக்கே அவமானம் என்று மகாசபை நினைத்தது. அதற்கு முன்பே, 1416-இல், மனிதர்களை அடிமைகளாக வாங்கி விற்கும் வியாபாரத்துக்குத் தடை போட்டுவிட்டார்கள். அந்தக் காலத்தில் கடல் வியாபாரிகளுக்கு நல்ல லாபம் தந்த தொழில் அது. வியாபாரத்தில் பிழைத்த ஊர், வியாபாரத்துக்கும் ஒரு எல்லை உண்டு என்று சொன்னது சாமானிய விஷயமா?

முழமும் தராசும்

வாசலிலிருந்து நேராகப் போகிறது ஸ்ட்ராடுன் என்ற பெரிய வீதி. சுண்ணாம்புக் கல் பாவிய தரை. எத்தனையோ தலைமுறைக் கால்கள் தேய்த்துத் தேய்த்து, எண்ணெய் தடவிய அம்மி போல் பளபளக்கிறது. மழை பெய்தால் ஜாக்கிரதை, வழுக்கிவிடும். ஒரு காலத்தில் இந்த வீதி இருந்த இடத்தில் கடல் ஓடையாக இருந்ததாம். ஓடைக்கு இந்தப் பக்கம் ஓர் ஊர், அந்தப் பக்கம் ஓர் ஊர். நடுவில் இருந்ததைத் தூர்த்து, இரண்டையும் ஒன்றாக்கிக்கொண்டார்கள்.

வீதியின் இரு பக்கமும் வீடுகள் எல்லாம் ஒரே உயரம், ஒரே அமைப்பு. 1667-ஆம் வருஷம் ஏப்ரல் 6-ந் தேதி ஒரு பூகம்பம் வந்து ஊரைத் தரைமட்டமாக்கிவிட்டது. ஆயிரக்கணக்கானவர்கள் மாண்டார்கள், நாட்டுத் தலைவரும் அதில் போய்விட்டார். திரும்பக் கட்டும்போது, 'பணக்காரன் வீடு பெரிது, ஏழை வீடு சிறிது என்று வேண்டாம். இந்த வீதியில் எல்லாருக்கும் ஒரே அளவு' என்று திட்டம் போட்டார்கள். கீழே கடை, மேலே வீடு. கடை வாசலைக் கவனியுங்கள். ஒரே வளைவுக்குள் பாதி கதவு, பாதி முழங்கால் உயரத் திண்ணை. திண்ணையில் சாமான் வைத்து விற்பது. அடுக்களை எங்கே தெரியுமா? உச்சி மாடியில்! நெருப்புப் பிடித்தால் கீழே இருக்கிறவர்களுக்குப் பரவக் கூடாது என்று அப்படி வைத்தார்களாம். "தண்ணிக்குடத்தை யார் தூக்கிண்டு போனது?" என்று மாமி உடனே கேட்டார். நியாயமான கேள்விதான். ஆண்பிள்ளைகள் எழுதிய சரித்திரப் புஸ்தகங்களில் அதற்குப் பதில் கிடைப்பதில்லை.

வீதியின் கிழக்குக் கோடியில் சதுக்கம். அங்கே 1418-இல் ஓர்லாண்டோ என்ற வீரனின் உருவத்தைச் செதுக்கிய கல் தூண் ஒன்றை நிறுத்தினார்கள். வீரன் கையில் வாள் இருக்கிறது. ஆனால் ஊர் ஜனங்களுக்கு உபயோகப்பட்டது வாள் அல்ல, கை! அந்தச் சிலையின் முன்கை நீளம்தான் துணி அளக்க அரசாங்கம் வைத்த முழம். சுமார் 51 சென்டிமீட்டர். வியாபாரி ஏமாற்றுகிறான் என்று சந்தேகம் வந்தால், துணியைக் கொண்டுவந்து வீரனின் கையோடு வைத்துப் பார்த்துக்கொள்ளலாம். பூக்காரியின் கை குட்டையாக இருக்கிறதே என்று தினமும் சண்டை போடுகிறோமே, நமக்கும் ஒவ்வொரு மாட வீதியிலும் இப்படி ஒரு கல் வீரன் இருந்தால் எவ்வளவு சௌகரியம்!

சதுக்கத்தின் ஓரத்தில் ஸ்பொன்ஸா மாளிகை. பூகம்பத்தில் விழாமல் தப்பிய கட்டடம். வெளியூர்ச் சரக்குக்குச் சுங்கம் வாங்கிய இடம் இது. உள்முற்றத்தில், தராசு தொங்கிய இடத்துக்கு மேலே லத்தீன் மொழியில் ஒரு வாசகம் பொறித்திருக்கிறது. எங்கள் எடைக்கற்கள் ஏமாற்றவும் விடாது, ஏமாறவும் விடாது. நான் சரக்கை நிறுக்கும்போது கடவுள் என்னை நிறுத்துக்கொண்டிருக்கிறார் என்பது அதன் பொருள். இதைப் படித்துச் சொன்னதும் மாமி கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

அடுத்தது ரெக்டர் மாளிகை. நாட்டுத் தலைவருக்கு ரெக்டர் என்று பெயர். அவருடைய பதவிக் காலம் எவ்வளவு தெரியுமா? ஒரு மாதம்! ஒரே மாதம். அந்த ஒரு மாதமும் அவர் இந்த மாளிகையில்தான் இருக்க வேண்டும். ராஜாங்கக் காரியம் தவிர வெளியே போகக் கூடாது. மனைவி மக்கள் சொந்த வீட்டில். நாற்காலியில் உட்கார்ந்தவர் அதில் ஒட்டிக்கொண்டுவிடக் கூடாது என்பதற்காக இந்த ஏற்பாடு. சபா மண்டபத்து வாசலுக்கு மேலே, சொந்தக் காரியத்தை மறந்து பொதுக் காரியத்தைப் பாருங்கள் என்ற அர்த்தத்தில் எழுதி வைத்திருக்கிறார்கள். உள்முற்றத்தில் மியோ ப்ராட்சாட் என்ற கப்பல் முதலாளியின் மார்பளவுச் சிலை இருக்கிறது. பிரபு குலத்தில் பிறக்காத ஒருவருக்குக் குடியரசு எழுப்பிய ஒரே சிலை அதுதான். தம் சொத்தைப் பொது நன்மைக்கு எழுதி வைத்துவிட்டுப் போனவர் அவர்.

முப்பது நாள்

கிழக்கே பிளோச்சே வாசலைத் தாண்டிப் போனால், கடலை ஒட்டி வரிசையாகக் கல் கூடங்கள் தெரியும். லாஸரெட்டி என்று பெயர். கூட்டம் இந்தப் பக்கம் அதிகமாக வருவதில்லை. ஆனால் என்னைக் கேட்டால், டுப்ரோவ்னிக்கில் அவசியம் பார்க்க வேண்டிய இடம் இதுதான் என்பேன்.

1348-இல் ஐரோப்பா முழுவதும் பிளேக் நோய் பரவிற்று. இந்த ஊரிலும் புகுந்து சூறையாடிற்று. கப்பல் வந்தால்தான் சோறு. கப்பலோடு வந்ததுதான் நோய். வாசலை மூடினால் பட்டினி, திறந்தால் சாவு. மற்ற ஊர்கள் கதவை அடைத்துக்கொண்டன, அல்லது விதியே என்று திறந்து வைத்தன. ரகூசாவின் மகாசபை 1377-ஆம் வருஷம் ஜூலை மாதம் ஒரு சட்டம் செய்தது. நோய் கண்ட பிரதேசத்திலிருந்து வருகிறவர்கள் நேரே ஊருக்குள் நுழையக் கூடாது. பக்கத்தில் இருக்கும் மர்க்கான் என்ற குட்டித் தீவிலோ, ட்ஸவ்தாட் என்ற சிற்றூரிலோ முப்பது நாள் தங்க வேண்டும். நோய் இல்லை என்று தெரிந்தபின் வரலாம்.

கதவை மூடவும் இல்லை. அகலத் திறந்துவிடவும் இல்லை. 'கொஞ்சம் பொறுங்கள், பிறகு வாருங்கள்' என்று சொல்லத் தெரிந்துகொண்டார்கள். பின்னால் முப்பது நாள் நாற்பதாயிற்று. இத்தாலிய மொழியில் நாற்பதைக் குறிக்கும் சொல்லிலிருந்துதான் 'குவாரண்டைன்' என்ற வார்த்தை பிறந்தது. 2020-இல் நாம் எல்லாரும் கதவைச் சாத்திக்கொண்டு, வாசலில் பால் பாக்கெட்டை வாங்கவும் பயந்து உட்கார்ந்திருந்தோமே, அந்த ஏற்பாட்டின் மூலப் பிரதி இங்கேதான் எழுதப்பட்டது. இப்போது நிற்கும் கூடங்கள் பதினேழாம் நூற்றாண்டில் கட்டி முடிந்தவை. துருக்கி தேசத்திலிருந்து வரும் வியாபாரிகளும் அவர்களுடைய மூட்டைகளும் இங்கே நாளை எண்ணிக்கொண்டு காத்திருந்தார்கள். இன்று அதே கூடங்களில் கச்சேரியும் நாடகமும் நடக்கின்றன.

அந்தக் கூடத்து நிழலில் உட்கார்ந்தபோது மாமி சற்று நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "காலையிலே எண்ணி உள்ளே விடறான்னு கோபம் வந்தது. எண்ணாம விட்டிருந்தா இந்த ஊரே இருந்திருக்காது போலிருக்கே" என்றார்.

ஓடுகள் சொல்லும் கதை

கோட்டைச் சுவர்மேல் நடக்காமல் இந்த ஊரைப் பார்த்ததாகச் சொல்லிக்கொள்ள முடியாது. சுற்றளவு 1,940 மீட்டர். சில இடங்களில் 25 மீட்டர் உயரம். நிலத்தைப் பார்த்த பக்கம் நான்கு முதல் ஆறு மீட்டர் கனம். நம் வீட்டுக் கூடத்தைச் சுவருக்குள்ளேயே வைத்துவிடலாம். படிகள் ஏராளம். முழங்கால் வலிக்காரர்கள் யோசித்து ஏற வேண்டும். காலையில் திறந்தவுடன் போய்விடுங்கள். பத்து மணிக்கு மேல் நிழல் கிடையாது. நிதானமாக நடந்தால் இரண்டு மணி நேரம்.

மேலேயிருந்து பார்த்தால் கீழே ஒரே ஓட்டுக் கூரைகளின் சமுத்திரம். கொஞ்சம் உற்றுப் பாருங்கள். சில ஓடுகள் பழைய மண்பானை போல் மங்கலாக, பாசி படிந்து இருக்கும். பெரும்பாலானவை பளிச்சென்று புது ஆரஞ்சு நிறம். 'அழகாகப் புதுப்பித்திருக்கிறார்களே' என்று நினைக்கத் தோன்றும். காரணம் தெரிந்தால் மனம் கனக்கும்.

யூகோஸ்லாவியா என்ற தேசம் உடைந்தபோது, குரோஷியா தனி நாடாகப் பிரிந்தது. 1991 அக்டோபர் 1-ந் தேதி யூகோஸ்லாவிய ராணுவம் டுப்ரோவ்னிக்கைச் சூழ்ந்துகொண்டது. தண்ணீரும் மின்சாரமும் துண்டிக்கப்பட்டன. டிசம்பர் 6-ந் தேதி பழைய ஊரின்மேலேயே குண்டுமாரி பெய்தது. முற்றுகை 1992 மே மாதம் வரை நீடித்தது. கோட்டைக்குள் இருந்த 824 கட்டடங்களில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் குண்டடி பட்டவை. யுனெஸ்கோ 1979-இலேயே உலகப் பாரம்பரியச் சின்னமாக ஏற்ற ஊர் இது. குண்டு விழுந்த வருஷமே 'ஆபத்தில் இருக்கும் சின்னங்கள்' பட்டியலில் சேர்த்தார்கள். ஓடு ஓடாக, கல் கல்லாக, பழைய முறைப்படியே செப்பனிட்டார்கள். 1998-இல் அந்தப் பட்டியலிலிருந்து பெயர் நீங்கிற்று. ஸ்பொன்ஸா மாளிகையில் ஓர் அறை முழுவதும், ஊரைக் காக்கப் போய் உயிர் விட்டவர்களின் புகைப்படங்கள். பெரும்பாலும் இளம் வயசு முகங்கள்.

இத்தனையும் தாங்கிய ஊர் இப்போது வேறு ஒன்றைத் தாங்கிக்கொண்டிருக்கிறது. 1991-இல் கோட்டைக்குள் சுமார் ஐயாயிரம் பேர் குடியிருந்தார்கள். இன்று அதில் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை. குண்டுக்குப் பயந்து போனவர்கள் அல்ல இவர்கள். வீட்டை வாடகை அறையாக்கினால் பிரயாணிகள் நிறையப் பணம் தருகிறார்கள். மளிகைக் கடை இருந்த இடத்தில் ஐஸ்கிரீம் கடை வந்துவிட்டது. உள்ளூர்ப் பெண் ஒரு கிலோ வெங்காயம் வாங்கக் கோட்டைக்கு வெளியே போக வேண்டியிருக்கிறது. நெரிசலில் பையைத் தூக்கிக்கொண்டு திரும்பி வருவதற்குள் போதும் போதும் என்றாகிவிடுகிறது. ஒவ்வொரு குடும்பமாகக் காலி செய்துகொண்டு போகிறது.

இந்த ஊர்க்காரர்களுக்குப் பழைய பாடம் ஒன்று உண்டு. 1806-இல் பிரெஞ்சுப் படை வாசலுக்கு வந்தது. களைத்து வந்திருக்கிறோம், சிரம பரிகாரம் செய்துகொண்டு போய்விடுகிறோம் என்று கேட்டார்கள். கதவு திறந்தது. வந்தவர்கள் போகவில்லை. இரண்டே வருஷத்தில், 1808 ஜனவரி கடைசியில், நானூற்றைம்பது வருஷக் குடியரசு முடிந்துவிட்டது. இடம் கொடுத்தால் மடம் பிடுங்குவது என்பதை நாம் பழமொழியாகச் சொல்கிறோம். அவர்கள் சரித்திரமாகவே அனுபவித்தார்கள்.

நாம் படை எடுத்து வரவில்லை. பணம் கொடுத்துத்தான் வருகிறோம். ஆனாலும் நாலாயிரம் ஜோடிக் கால்கள் ஒரு சின்ன ஊரில் இறங்கும்போது, அந்த ஊர்க் குடித்தனக்காரிக்கு அது படையெடுப்பு மாதிரிதான் இருக்கும். ஆகையால்தான் இன்று மறுபடியும் 'கொஞ்சம் பொறுங்கள், அளவாக வாருங்கள்' என்கிறார்கள். 2023-இல் நகரசபை ஒரு சித்திரப் படம் தயாரித்து வெளியிட்டது. சக்கரப் பெட்டியைக் கல் வீதியில் கடகடவென்று இழுக்காமல் கையில் தூக்கிக்கொண்டு போகும்படி அதில் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். ராத்திரி பன்னிரண்டு மணிக்கு ஜன்னலுக்குக் கீழே நாற்பது பெட்டிகள் உருண்டால், குழந்தை எப்படித் தூங்கும்?

போகிறவர்களுக்குச் சில யோசனைகள்

காலையில் குந்துலிச் சதுக்கத்துச் சந்தைக்குப் போங்கள். உலர்ந்த அத்திப்பழம், சர்க்கரைப் பாகில் ஊறிய ஆரஞ்சுத் தோல், லவெண்டர் பூப் பொட்டலம் எல்லாம் கிடைக்கும். ஆரஞ்சுத் தோல் மிட்டாய் ஊருக்குக் கொண்டுவர ஏற்றது; வழியில் கெடாது.

சைவச் சாப்பாட்டுக்காரர்கள் 'பிளித்வா' என்று கேளுங்கள். ஒருவகைக் கீரையும் உருளைக்கிழங்கும் வேகவைத்து, பூண்டு, ஆலிவ் எண்ணெய் விட்டுப் பிரட்டிய பதார்த்தம். மிளகாய் மட்டும் இருந்தால் நம் வீட்டுக் கறியேதான். முட்டை சாப்பிடுகிறவர்கள் 'ரொஸாட்டா' என்ற பாலாடைப் புட்டிங்கை ருசி பார்க்கலாம்.

பக்கத்தில் கொனாவ்லே என்ற பிரதேசத்துப் பெண்களின் பட்டுநூல் பூவேலை பிரசித்தமானது. முன்பெல்லாம் பட்டுப் புழுவை வீட்டிலேயே வளர்த்து, நூல் எடுத்து, சாயம் தோய்த்து, துணியின் இழைகளை ஒவ்வொன்றாக எண்ணித் தைப்பார்கள். முட்டைகள் பொரிய வெதுவெதுப்பு வேண்டும் என்று சின்னப் பையில் கட்டி மார்போடு வைத்துக்கொள்வார்களாம்! ஒரு சிறு துண்டுகூட விலை அதிகம்தான். ஆனால் எங்கேயோ தொழிற்சாலையில் வார்த்த பொம்மைகள் பத்து வாங்குவதைவிட, இது ஒன்று வாங்கினால் ஒரு பெண்ணின் கைக்குக் கூலி போய்ச் சேரும். 2023 முதல் குரோஷியாவில் யூரோ நாணயம்தான். தனியாகப் பணம் மாற்ற வேண்டியதில்லை.

கூட வரும் இளவட்டங்கள், ஜெசூட் படிக்கட்டைக் காட்டு என்று பிடிவாதம் பிடிப்பார்கள். 'கேம் ஆஃப் த்ரோன்ஸ்' என்ற டெலிவிஷன் தொடரின் ஒரு காட்சியை அங்கே எடுத்தார்கள். காட்டுங்கள், ஆனால் அதன் கீழே இருப்பவை ஜனங்கள் குடியிருக்கும் வீடுகள் என்பதையும் சொல்லுங்கள்.

மத்தியான வெயிலில் பெரிய வீதியை விட்டுவிட்டு, மலைப் பக்கம் ஏறும் சந்துகளில் ஒன்றில் மெதுவாக நுழைந்து பாருங்கள். எதிரெதிர் ஜன்னல்களுக்கு நடுவே கயிறு கட்டி, வேட்டி, பாவாடை போலத் துணி உலர்த்தியிருப்பார்கள். படியில் செடித் தொட்டி இருக்கும். உள்ளேயிருந்து வெங்காயம் வதக்கும் வாசனை வரும். அந்த வாசனை வரும் வரையில் அது ஊர். வராமல் போய்விட்டால் வெறும் பொருட்காட்சிதான். அங்கே சத்தம் போடாமல், ஜன்னலுக்குள் காமிராவை நீட்டாமல், எதிரே வரும் அம்மாளுக்கு வழி விட்டு ஒதுங்கி நில்லுங்கள். 'டோபர் டான்' என்றால் அவர்கள் பாஷையில் வணக்கம். சொல்லிப் பாருங்கள், முகம் மலரும்.

அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சு என்பது நமக்குத் தெரிந்ததுதான். விருந்தினரும் அந்தக் கணக்கில் சேர்ந்தவர்களே என்று நாம் யோசித்துப் பார்ப்பதில்லை. அடுத்த கோடையில் யாராவது, 'டுப்ரோவ்னிக்கில் இடமில்லை, வேறு நாளில் வாருங்கள் என்கிறார்களே' என்று குறைப்பட்டால், அவர்களிடம் 1377-ஆம் வருஷத்துச் சட்டத்தைச் சொல்லுங்கள்.

அடுத்த வாரம் ஸ்ப்ளிட் நகரம். ரோமாபுரிச் சக்கரவர்த்தி ஒருவர் ஓய்வாக இருக்கலாம் என்று கட்டிக்கொண்ட அரண்மனைக்குள்ளேயே ஓர் ஊர் குடித்தனம் செய்யும் விந்தையைப் பார்க்கப் போகிறோம்.